சித்தூர் வீட்டுக்குப் பதினான்கு ஜன்னல்கள்

1

1959ஆம் வருடம் அக்டோபர் முதல் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தென்மேற்கிலிருந்து காற்று. தூறல் என்றும் சொல்ல முடியாத, மழை என்றும் சொல்ல முடியாத ஒன்று சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கூடத்து ஜன்னலின் இடது கதவு, கீலோடும், கீல் பதிந்திருந்த சட்டத்தின் ஒன்றரை அடித் துண்டோடும் பெயர்ந்து, என் காபி டம்ளருக்கு ஏழு அங்குலம் தள்ளி விழுந்தது. அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்பும்படி நம் ஊர்ப் படிப்பகத்தார் இரண்டு முறை கேட்டிருந்தார்கள். நான் கப்பல் ஏறியவன் அல்ல. மாயவரம் பக்கத்திலிருந்து 1922இல் ரயில் ஏறி, சித்தூர் ஜில்லா போர்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருடம் இங்கே உள்ளூர்க்காரனாக இருந்தேன். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. முந்தின இரவு சென்னை ராஜ்யத்தில் படுத்தவன், காலையில் அதே கட்டிலில் வெளிநாட்டில் விழித்தேன். மூன்று வருடம் கழித்து அந்த ராஜ்யமும் பெரிதாகி, விழா நவம்பர் முதல் தேதிக்குப் போய்விட்டது. அக்டோபர் முதல் தேதியை இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். இது ஆறாவது வருடம் பூர்த்தியாகும் நாள். அன்றைக்குத்தான் ஜன்னல் விழுந்தது.

சத்தம் கேட்டு என் மனைவி காமாட்சி சமையல் கட்டிலிருந்து வந்தாள். முதலில் டம்ளரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை, கடைசியாக என்னை.

"மீதி பதிமூணும் எப்ப விழும்னு கணக்குப் போட்டாச்சா?" என்றாள்.

போடவில்லை. ஆனால் அன்று பத்து மணிக்குள் பேனாக்கத்தியால் பதினான்கு ஜன்னல்களின் சட்டத்தையும் குத்திப் பார்த்தேன். ஒன்பதில் கத்தி இரண்டு அங்குலம் இறங்கியது. மூன்றில் ஓர் அங்குலம். இரண்டில் சந்தேகம். எல்லாம் செல் அரித்தது.

2

ஜன்னல் மாற்றுவது சாதாரண வீட்டில் சாதாரண விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை என்பதற்குக் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகன் சந்திரசேகரன் சென்னையில் வேலையாக இருக்கிறான். செப்டம்பரில் மட்டும் நான்கு கடிதம் எழுதினான். எல்லைத் தகராறு தீரப்போகிறது, திருத்தணி நம் பக்கம் வருகிறது, சித்தூர் வராது, இனி எதற்காகக் காத்திருக்கிறீர்கள், 'உங்கள் ஊர்' வீட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்பது நான்கிலும் உள்ள சாரம். அவன் பிறந்ததும் இந்த வீட்டில்தான். 'உங்கள் ஊர்' என்று நான்கு கடிதத்திலும் சேர்த்து ஆறு இடத்தில் எழுதியிருந்தான்.

வாங்க ஆளும் இருந்தார். மாம்பழ மண்டி வைத்திருப்பவர், இரண்டாம் தெருக்காரர். தீபாவளிக்குள் முடிவு சொன்னால் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், அப்புறம் என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்வேன் என்றார். "ஜன்னலுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க. நான் இடிச்சி மாடி கட்டப்போறேன்" என்றும் சொல்லியிருந்தார்.

ஆக, ஜன்னல் வைத்தால் இருக்கிறோம், வைக்காவிட்டால் போகிறோம். காமாட்சி இருக்கிற கட்சி. சென்னையில் மகன் இருப்பது ஒரு போர்ஷன். ஒரு குழாய்க்கு ஆறு குடித்தனம். மருமகளின் அம்மாவும் அங்கேதான். நான் போகிற கட்சி. அதாவது ஆறு வருடமாக அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். இங்கே எதைக் கண்டாலும் குறை சொல்வேன். போஸ்டாபீசில் என் விலாசத்தைத் தெலுங்கில் கேட்டால், தமிழில் பதில் சொல்லிவிட்டு வருவேன்.

"வைக்கிறதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் காமாட்சி.

"முதல்ல விலை விசாரிப்போம். விலை தெரியாம எப்படி முடிவு பண்றது?" என்றேன்.

நியாயமான பதில்தான். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

3

முதலில் உள்ளூர். முனிரத்தினம் ஆச்சாரி எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருப்பவர். அவரும் அவர் தம்பியும்தான் வேலை செய்வார்கள். பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. வந்தவர் விழுந்த சட்டத்தைக் கையில் எடுத்து நசுக்கினார். அது மாவாக உதிர்ந்தது.

"இன்னா சாமி, செல்லு துன்னு முடிச்சிட்டு வேற வூட்டுக்கே போயிருக்குது. நீங்க காத்து மேல பழி சொல்லிக்கினு இருக்கீங்க."

"பதினாலுக்கும் என்ன ஆகும்?"

"மரம் நீங்க எடுத்துக் குடுக்கணும். எனக்குத் தினம் நாலரை, தம்பிக்கு மூணு. ரெண்டு வேள சோறு, மூணு வேள காபி."

"மொத்தமா ஒரு தொகை சொல்லுங்க."

"மொத்தமா சொன்னா அது வியாபாரம், சாமி. நான் தச்சன்."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மரத்தைப் பொறுத்தது என்றார். மரம் எவ்வளவு என்று கேட்டேன். கையைப் பொறுத்தது என்றார். இப்படிப் பதினொரு கேள்வி கேட்டு, ஜன்னல் ஒன்றுக்கு உத்தேசமாக இருபத்தெட்டு ரூபாய் என்று நானே வருவித்துக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

"ஒண்ணு கேட்டுக்கோங்க. மஞ்ச குங்குமம் வெச்சி, தாம்பூலம் வாங்கி, நான் ஒரு சட்டத்த நிறுத்திட்டேன்னா மிச்சமும் என் கைதான். அந்த வூட்ல வேற தச்சன் உளிய எடுக்க மாட்டான். இந்த ஜில்லா பூரா அதுதான் பழக்கம்."

இதையும் குறித்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணையில் ஒன்பது பத்திகள் போட்டிருந்தேன். இதற்கு எந்தப் பத்தியும் பொருந்தவில்லை. ஓரத்தில் எழுதினேன்.

4

அடுத்தது வேலூர். இரும்பு ஜன்னல் செய்யும் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் அங்கே கடை வைத்திருக்கிறார். இரும்பைச் செல் தின்னாது என்பது ஒரு காரணம். வேலூர் சென்னை ராஜ்யத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. பஸ்ஸில் இருபது மைல். எல்லை தாண்டியதும் கடைப் பலகையெல்லாம் தமிழில் வரும். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். சொந்த ஊருக்குப் போகிற மாதிரி இருந்தது.

ஏஜெண்ட் சின்ன வயசுக்காரர், நல்ல தமிழ், நல்ல மரியாதை. கண்ணாடி போட்ட ஒரு ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டினார். சதுர அடி நாலேகால் ரூபாய். என் ஜன்னல் ஒவ்வொன்றும் இரண்டரைக்கு நாலு, பத்துச் சதுர அடி. மனதுக்குள்ளேயே நாற்பத்திரண்டரை என்று போட்டுவிட்டேன். பதினான்கு என்றதும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"வீடு எங்க சார்? காட்பாடியா?"

"சித்தூர்."

நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வேறொன்றை எடுத்தார்.

"உங்க ஸ்டேட்டுக்குன்னா வரி தனி சார். ஃபாரம் பூர்த்தி பண்ணணும். லாரிய செக்போஸ்ட்ல நிறுத்துவான். உங்க ஆளுங்கதான், நீங்க பேசிக்கலாம்."

"எங்க ஆளுங்களா?"

"ஆமா சார். உங்க கவர்மெண்ட் ஆளுங்க."

நான் மாயவரத்துக்காரன் என்று சொன்னேன். கல்யாணம் ஆகி இங்கே வந்தது, ஜில்லா போர்டு, 1953, எல்லாம் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்க ஊர்க்காரங்க தமிழ் நல்லாவே பேசறீங்க சார்" என்றார்.

திரும்பும்போது நான் பலகைகளை வாசிக்கவில்லை. அட்டவணையில் வேலூர் வரிசைக்கு நேராக 'வெயிலில் இரும்பு சுடும்' என்று காரணம் எழுதி அடித்துவிட்டேன்.

5

மூன்றாவது திருப்பதி. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மெஷின் ரம்பம் வைத்து, கதவும் ஜன்னலும் செய்து தரும் பட்டறை. முதலாளி ஒரு நாயுடு. சித்தூரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். புத்தலப்பட்டில் டிரைவர் காபி குடிக்க இறங்கினால் மூன்றேகால்.

திருப்பதியில் என் மகள் கல்யாணியின் வீடு இருக்கிறது. அவள் குழந்தைக்கு ஐந்து வயது. என்னைத் தாத்தா என்று கூப்பிடும். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொது. அதற்குமேல் அது பேசுவதெல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கில் எண்ண மட்டும் நன்றாக வரும். ஆகையால் நாங்கள் இருவரும் எண்ணுவோம். அந்த முறை தெருவில் போன மாட்டு வண்டிகளை எண்ணினோம். இருபத்து மூன்று. அது ஒன்றைத் தவறவிட்டது என்று நான் திருத்தினேன், அது என்னைத் திருத்தியது. அது சொன்னதுதான் சரி.

நாயுடு என் அளவுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"கூர்ச்சோண்டி சார், உக்காருங்க. இவ்ளோ நீட்டா அளவு எடுத்து வந்தவங்க யாரும் இல்ல. ஜன்னல் பதினாலுக்கும் தனித்தனியா படம் வேற."

வேங்கைச் சட்டம், தேக்குக் கதவு, கம்பி, கொண்டி எல்லாம் சேர்த்து ஒன்று முப்பத்தொன்றரை ரூபாய். ஒரே தொகை. சோறு இல்லை, காபி இல்லை. பொருத்துவது மட்டும் நம் பொறுப்பு. எனக்கு அந்தக் கணக்கின் சுத்தம் பிடித்திருந்தது. ஆனாலும் மழைக்கு மரம் ஊதிக்கொள்ளாது என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய், தயாராக நின்ற ஒரு ஜன்னலைச் சட்டத்தோடு தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்.

"ஊறட்டும். எப்ப வேணும்னாலும் வாங்க, நீங்களே எடுத்து மூடிப் பாருங்க."

நான்கு நாள் கழித்துப் போனேன். கதவு மூடியது. இன்னும் ஊறட்டும் என்றேன். "மீ இஷ்டம் சார்" என்றார். ஆறு நாள் கழித்துப் போனேன். மூடியது. மறுபடியும் தொட்டியில் போடச் சொன்னேன்.

"ஏங்க, அந்த ஜன்னல் என்ன மீனா?" என்றாள் காமாட்சி.

6

இதற்குள் பதினைந்து நாள் போய்விட்டிருந்தது. கூடத்து ஜன்னலில் கோணி கட்டியிருந்தோம். ராத்திரியில் கோணி நனைந்து சொட்டும். காமாட்சிக்கு இருமல் வந்தது. நாளொன்றுக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணுவதை அவள் விரும்பவில்லை.

முனிரத்தினம் ஆச்சாரி இரண்டு முறை வந்து கேட்டார். முதல் தடவை வந்தபோது விஜயதசமிக்கு ஆரம்பிக்கலாம் என்றார். காமாட்சி கூடாது என்றாள்.

"புரட்டாசியில வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டோம், ஆச்சாரி."

"எங்களுக்குப் பாத்ரபதம்தாம்மா ஆவாது. அது அமாவாசையோட போச்சு. இது ஆஸ்வயுஜம், நல்ல மாசம்."

"உங்களுக்கு நல்ல மாசம். எனக்குப் பதினெட்டாம் தேதிதான் ஐப்பசி பிறக்குது."

இது இந்த ஊரில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள கஷ்டம். தமிழ்ப் பஞ்சாங்கம் சூரியனைப் பார்க்கிறது, தெலுங்குப் பஞ்சாங்கம் சந்திரனைப் பார்க்கிறது. வீட்டுக்காரருக்கு ஆகிற மாதம் வேலைக்காரருக்கு ஆகாது. இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து தீபாவளிக்கு முந்தின நாள்வரை பன்னிரண்டு நாள். ஞாயிறு, செவ்வாய், சனி காமாட்சிக்கு ஆகாது. திங்கள் கார்த்திகை நட்சத்திரம், வியாழன் திருவாதிரை, இரண்டும் ஆச்சாரிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை அவர் மரத்தில் உளி வைக்க மாட்டார். அஷ்டமிக்குப் பிறகு தேய்ந்த பிறை, அது இருவருக்குமே ஆகாது. கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது ஒரே ஒரு நாள். அக்டோபர் இருபத்தொன்று, புதன்கிழமை. அதிலும் பன்னிரண்டு மணிக்கு முன்னால். அப்புறம் ராகு காலம்.

காகிதத்தைக் காமாட்சியிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஆச்சாரியும் எட்டிப் பார்த்தார். 

7

புதன்கிழமை காலை நாலரைக்கு எழுந்தேன். "திருப்பதி போய் அந்த ஜன்னல் ஊதியிருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

"போய்ட்டு வாங்க" என்றாள். முப்பத்தேழு வருடத்தில் பஸ் செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் அவள் என்னை வழியனுப்பியது அதுவே முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் சட்டைப்பையில் ஐம்பது ரூபாய் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு நாயுடு தொட்டியிலிருந்து ஜன்னலை எடுத்தார். மூடினேன், திறந்தேன், மூடினேன்.

"இன்னும் ஊறணுமா சார்?"

"வேண்டாம். பதினாலு" என்று சொல்லி ஐம்பது ரூபாயை நீட்டினேன்.

அவர் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டது எனக்கு உறுத்தியது. பத்தேகாலுக்கு வேங்கைக் கட்டை ஒன்றின் முன்னால் தேங்காய் உடைத்து ரம்பத்தை ஓட்டினார். கல்யாணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பும்போது, மகனுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். காமாட்சிக்கு என்ன சொல்வது என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆறு வருடம் திட்டித் தீர்த்த ஊரில் பதினான்கு ஜன்னல் வாங்கியிருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? விலை குறைவு, அதனால் வாங்கினேன் என்று சொல்லலாம் என முடிவு செய்தேன். விலை குறைவு இல்லை. ஆச்சாரியைவிட மூன்றரை ரூபாய் அதிகம்.

வீட்டு வாசலில் மணி ஐந்து. கூடத்தில் கோணியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு புதுச் சட்டம் நின்றது. மஞ்சள், குங்குமம், மேலே மாவிலை. முனிரத்தினம் ஆச்சாரியும் தம்பியும் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆச்சாரியின் தோளில் புதுத் துண்டு.

"வாங்க சாமி. பதினொண்ணரைக்கெல்லாம் நிறுத்திட்டோம்" என்றார்.

காமாட்சி கையில் சாம்பார்க் கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"ஜன்னல் வெச்சாச்சு. தாம்பூலம் குடுத்தாச்சு. போறதா இருந்தா நீங்க போங்க. உங்க பட்டியல் முடியறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும். எனக்கு இந்த வீடுதான்."

 சட்டைப்பையிலிருந்து நாயுடுவின் ரசீதை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், புதுச் சட்டத்தின் வழியாக வந்த வெளிச்சத்தில் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். அதில் நான்கு வரிதான் இருந்தது.

"பதினாலா?"

"ஆமாம்."

"இன்னைக்கா?"

"வேற நாள் எங்கே இருக்கு?"

அவள் கரண்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

ஆச்சாரிக்கு விஷயம் புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று. சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

"இன்னா சாமி இது? புருசன் ஒரு தச்சன், பொஞ்சாதி ஒரு தச்சனா?"

8

மறுநாள் மறுபடியும் திருப்பதி போனேன். பதின்மூன்றாகக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். "மெஷின் ரம்பம் சார். நேத்து பொழுது சாயறதுக்குள்ளயே மொத்தமும் அறுத்தாச்சு. உங்க அளவு ரெண்டரைக்கு நாலு. அத நான் வேற யாருக்கு விக்கறது?" என்றார் நாயுடு. அவர் மேல் தப்பு இல்லை.

ஆச்சாரியிடம் பேசியது காமாட்சி. தாம்பூலம் அவர் கையில் இருப்பதால், திருப்பதி ஜன்னல்களையும் அவரே பொருத்துவது, தினக்கூலி பழையபடி என்று முடிவாயிற்று. இருபத்தெட்டாம் தேதி லாரி வந்தது. ஆச்சாரி ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்த்து, மெஷினையும் நாயுடுவையும் திருப்பதித் தண்ணீரையும் திட்டினார். நான் எண்ணியவரை முப்பத்தொரு குறை. பதினான்காவதைத் தட்டியபிறகு, "மரம் நல்ல மரம்தான்" என்றார்.

இருக்கிற இடம் பதினான்கு, ஜன்னல் பதினைந்து. எஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு நான் கூடத்தில் நின்றேன். காமாட்சி சமையல் கட்டின் கிழக்குச் சுவரில் கையை வைத்துக் காட்டினாள். "இங்க."

"அங்க எப்பவும் ஜன்னல் இருந்ததில்லையே."

"இல்லைதான். முப்பத்தேழு வருஷமா இந்தப் புகையில நின்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த வீட்டில் படி எத்தனை, ஓடு எத்தனை, தூண் எத்தனை என்று கேட்டால் தூக்கத்தில் சொல்லுவேன்.

இருபத்தொன்பதாம் தேதி கொத்தனார் சுவரை இடித்துக்கொண்டிருந்தபோது மண்டிக்காரர் கையில் அச்சாரப் பணத்தோடு வந்தார். தூசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னா சாமி, விக்கற வூட்டுச் செவுத்துக்கு யாராவது செலவு பண்ணுவாங்களா?"

"விக்கலைங்க" என்றாள் காமாட்சி.

அவர் என்னைப் பார்த்தார். காமாட்சியும் பார்த்தாள். கொத்தனார்கூடக் கடப்பாரையை நிறுத்திவிட்டார்.

"விக்கலை" என்றேன்.

மழை நவம்பர் மூன்றாம் தேதி ராத்திரி பிடித்து மூன்று நாள் விடாமல் பெய்தது. அதற்குள் பன்னிரண்டு ஜன்னல் பொருத்தியாகியிருந்தது. மீதியை மழைக்குள்ளேயே பொருத்தினார்கள். எதுவும் ஊதவில்லை. மகனுக்கு எழுதினேன்: வீடு விற்பனைக்கு இல்லை, ஜன்னல் மாற்றியிருக்கிறோம், பொங்கலுக்குக் குழந்தைகளோடு வா, அம்மாவுக்குச் சமையல் கட்டில் இப்போது நல்ல வெளிச்சம்.

நாயுடுவுக்கு நானூற்று நாற்பத்தொன்று. கூடத்து ஜன்னலுக்கு மரம் பதினாலேகால். ஆச்சாரிக்கும் தம்பிக்கும் ஒன்பது நாள் கூலி அறுபத்தேழரை. லாரி இருபத்திரண்டு. கொத்தனார், சுண்ணாம்பு, செங்கல் பதினெட்டே முக்கால். துண்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு ஐந்து ரூபாய் நாற்பது. திருப்பதிக்குப் போக வர ஐந்து தடவை பதினேழரை, வேலூருக்கு ஒன்றரை. மகனுக்குக் கடிதம் பத்து நயா பைசா. ஆச்சாரிகள் சாப்பிட்டதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று காமாட்சி உத்தரவு. ஆக மொத்தம் ஐந்நூற்று எண்பத்தெட்டு ரூபாய்.